பழைய கம்ப்யூட்டரில் எது மக்கர்? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

(ஜனவரி மாதக் கூட்டத்தில், பி பிளாக்கில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணினி ஆசிரியை பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காகவும், "டீச்சர், அதை எழுதிக் கொடுத்திடுங்க" என்று கேட்டவர்களுக்காகவும் இங்கே வெளியிடுகிறோம்.)



போன அக்டோபரிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த கேள்விகளைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். தண்ணீர் மோட்டாருக்கு அடுத்தபடியாக அதிகம் வந்தது லேப்டாப்தான். "ரொம்ப ஸ்லோவா இருக்கு." "விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சுன்னு காட்டுது." "கடையில புதுசுதான் வாங்கணும்ங்கறாங்க, எது வாங்கலாம்?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் இன்று பதில் சொல்லப் போவதில்லை. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: இப்போது இருப்பதில் எது மக்கர் செய்கிறது? அது தெரியாமல் வாங்கினால் சில நேரம் நாற்பதாயிரம் வீணாகும், சில நேரம் இரண்டாயிரம் வீணாகும். இரண்டும் நம் காசுதான்.

நம் குடியிருப்பிலேயே நடந்த இரண்டு கதைகளிலிருந்து தொடங்குகிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

ஐம்பது ரூபாயும் ஒரு தோடும்

ஏ பிளாக்கில் ஒரு மாமா. அவரிடம் பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. தினமும் காலையில் பேங்க் வெப்சைட்டைத் திறந்தால் 'இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல' என்று சிவப்பாக எச்சரிக்கை வரும். வைரஸ் என்றார் ஒருவர். மதர்போர்டு போய்விட்டது என்றார் இன்னொருவர். மாமாவும் புது சிஸ்டத்துக்கு விலை விசாரித்துவிட்டார். நான் போய்த் திரையின் ஓரத்தில் இருந்த கடிகாரத்தைத்தான் பார்த்தேன். அது 2013-ஆம் வருஷத்தைக் காட்டியது.

மதர்போர்டில் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். சிஆர்2032 என்று பெயர். கரண்ட் இல்லாதபோதும் தேதியை நினைவில் வைத்திருப்பது அதுதான். மாமா சிக்கனக்காரர், இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். பேட்டரி தீர்ந்துபோனதால் காலையில் கம்ப்யூட்டர் பழைய தேதியில் விழித்தது. ஒவ்வொரு வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. 2013-இல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இன்றைய சான்றிதழ் செல்லாத சீட்டுதான். பேட்டரியை மாற்றினோம். ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை.

இரண்டாவது, நம் வாட்ச்மேன் அண்ணன் வீட்டுக் கதை. அவர் மகள் இப்போது காலேஜ் முதலாண்டு பி.காம். படிக்கிறாள். அவளுடைய அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா லேப்டாப்தான் வீட்டில் இருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. நம் பக்கம் எத்தனையோ வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் அந்தத் திட்டத்தில் வந்ததுதான். ஆன் செய்தால் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும். கடையில் "இது தேறாதுங்க" என்று சொல்லி 35,000 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று காட்டியிருக்கிறார்கள். அண்ணன் மனைவி தோட்டைக் கழற்றி வைத்துவிட்டார், அடகுக்கு.

அது போன ஆகஸ்ட் மாதம். லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ராம் 4 ஜிபி, சுழலும் ஹார்டு டிஸ்க். ஒரு எஸ்எஸ்டியும், கூட ஒரு 4 ஜிபி ராமும் போட்டோம். மொத்தம் 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. தோடு காதிலேயே இருக்கிறது. அதனால் அந்த லேப்டாப் புதிதாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வீடியோ எடிட்டிங் எல்லாம் அதில் நடக்காது. ஆனால் அந்தப் பெண்ணின் அசைன்மென்டுக்கும், எக்ஸெல் கணக்குக்கும், யூடியூப் பாடத்துக்கும் அது தாராளம்.

மூட்டை எங்கே நிற்கிறது?

இது சம்பா அறுவடைக் காலம். நமக்குத் தெரிந்த உதாரணத்தையே சொல்கிறேன். அறுப்பு மெஷின் ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கரை முடித்துவிடுகிறது. டிராக்டர் உடனே ஏற்றிக்கொண்டு போகிறது. ஆனால் கொள்முதல் நிலையத்தில் நெல் குவியல் குவியலாக நாள் கணக்கில் கிடக்கிறது. இந்த நிலையில் இன்னும் பெரிய அறுப்பு மெஷின் வாங்கினால் காசு சீக்கிரம் கைக்கு வருமா? வராது, குவியல்தான் பெரிதாகும். தாமதம் எந்த இடத்தில் நடக்கிறதோ அங்கேதான் கை வைக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் அறுப்பு மெஷின் என்பது பிராசஸர். ராம் என்பது களம், வேலை நடக்கும் இடம். ஹார்டு டிஸ்க் என்பது குடோன். பத்து வருஷத்து லேப்டாப்பில்கூட மெஷின் பெரும்பாலும் நன்றாகவே ஓடும். குடோனிலிருந்து மூட்டை வருவதுதான் தாமதம்.

சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. கேட்ட இடத்துக்கு முள் நகர வேண்டும், அந்த இடம் சுற்றி வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் பத்துப் பதினைந்து மில்லி விநாடி. அதாவது விநாடிக்குச் சுமார் நூறு தேடல்தான் முடியும். விண்டோஸ் துவங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கிறது. எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை, முழுவதும் சில்லுதான். விநாடிக்குப் பல்லாயிரம் தேடல் முடியும். டீ குடிக்கும் நேரம் அரை நிமிடமாகக் குறைவது இதனால்தான்.

பத்து நிமிடச் சோதனை

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். நீங்கள் தினமும் செய்யும் வேலையைச் செய்துகொண்டே பத்து நிமிடம் அதைக் கவனியுங்கள்.

டிஸ்க் என்ற இடம் 100 சதவீதத்திலேயே நிற்கிறது, பக்கத்தில் ஹெச்டிடி என்று இருக்கிறது என்றால், தேவை எஸ்எஸ்டி.

மெமரி 85, 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது என்றால் ராம் போதவில்லை. களத்தில் இடம் இல்லாததால் பாதி நெல்லைக் குடோனுக்குத் திருப்பி அனுப்பி, மறுபடி எடுத்துவரும் வேலை நடக்கிறது. இதனாலும் டிஸ்க் 100 காட்டும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

சிபியூ சும்மா இருக்கும்போதும் 80, 90 காட்டினால் உடனே எதையும் வாங்காதீர்கள். பிராசஸஸ் பக்கத்தில் எந்த புரோகிராம் மேலே நிற்கிறது என்று பாருங்கள். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ் சண்டை போடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒன்றை நீக்கினால் தீர்ந்தது.

மூன்றும் குறைவாகவே இருக்கிறது, இன்டர்நெட் மட்டும் மெதுவாக இருக்கிறது என்றால், அது கம்ப்யூட்டர் கோளாறே இல்லை. ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை பாருங்கள். நம் கட்டடத்தில் இரண்டு சுவர் தாண்டினால் வைஃபை பாதியாகிறது.

கை வைக்கும் முன்

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இன்று இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போனாலும் போதும்.

2019-இல் என் சொந்த டெஸ்க்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டேன். பழைய டிஸ்க் ஒன்று, போட்டோ எல்லாம் வைத்திருந்த இன்னொரு டிஸ்க் ஒன்று. இரண்டும் 500 ஜிபி. இரண்டையும் மாட்டியபடியே வேலை செய்தேன். பழையதை அழிப்பதாக நினைத்து மற்றதை ஃபார்மட் செய்துவிட்டேன். கவனிக்காமல் அதன்மேல் வேறு ஃபைல்களையும் ஏற்றிவிட்டேன். என் மகளின் காதுகுத்தில் என் அம்மா பாடிய தாலாட்டு அதில்தான் இருந்தது. அம்மா இப்போது இல்லை. வருஷக்கணக்கில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவள் செய்த தவறு இது.

அதனால் திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்:

ஒன்று, முக்கியமானவற்றை வெளியே ஓரிடத்தில் நகல் எடுங்கள். முடிந்தால் ஒரு வெளி டிஸ்க்கிலும், இன்னொன்று ஆன்லைனிலும். ஃபார்மட் செய்யும்போது அந்த வெளி டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.

இரண்டு, எடுத்த நகலை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். காப்பி ஆகிவிட்டது என்று திரை சொல்வது போதாது.

மூன்று, பழைய டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள். மேலே ஒரு பேப்பர் டேப் ஒட்டி, தேதி எழுதி, மூன்று மாதம் பீரோவில் வையுங்கள்.

நான்கு, புது லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்பார்கள். பார்ட்டை மாற்றினாலோ பயாஸில் கை வைத்தாலோ 48 இலக்கச் சாவி கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்பே பார்த்து எழுதி வையுங்கள். அந்தச் சாவி இல்லாவிட்டால் யாராலும் திறக்க முடியாது.

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் அதை ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். அணைத்துவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். சத்தம் இல்லாவிட்டாலும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராமில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கலாம். 'குட்' என்று நீலத்தில் வந்தால் சரி. மஞ்சளோ சிவப்போ வந்தால் அன்றைக்கே நகல் எடுங்கள்.

எஸ்எஸ்டி வாங்கும்போது

எஸ்எஸ்டி இரண்டு வடிவத்தில் வருகிறது. தீப்பெட்டியைவிடப் பெரிதாக, தட்டையாக இருப்பது 2.5 இன்ச் சாட்டா. பழைய ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் அப்படியே உட்காரும். சூயிங்கம் பட்டை மாதிரி நீளமாக இருப்பது எம்.2. இந்த எம்.2-விலேயே சாட்டா, என்விஎம்இ என இரண்டு வகை உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சாட்டா மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் என்விஎம்இ போட்டால் அது தெரியவே தெரியாது. லேப்டாப்பின் அடியில் உள்ள முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, கம்பெனியின் சர்வீஸ் பக்கத்தில் பார்த்த பிறகே வாங்குங்கள்.

2.5 இன்ச் சாட்டா மட்டுமே போட முடிகிற பழைய லேப்டாப்பா? கவலை வேண்டாம். நீங்கள் உணரப்போகும் வேகத்தில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று வருவதை வாங்காதீர்கள். உள்ளே சின்ன மெமரி கார்டை ஒட்டி, பெரிய அளவைக் காட்டும்படி ஏமாற்றியிருப்பார்கள். முதல் சில ஜிபி சரியாகவே பதியும். அதற்கு மேல் பதிந்தவை காணாமல் போகும். சந்தேகம் இருந்தால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராமால் முழு அளவும் எழுதிப் படித்துச் சோதித்துவிட்டு, ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் திருப்பி அனுப்புங்கள்.

கழற்றிய ஹார்டு டிஸ்க் இன்னும் நன்றாக இருந்தால் ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கி அதில் போடுங்கள். அது உங்கள் வெளி டிஸ்க் ஆகிவிடும்.

ராம் வாங்கும்போது

ராமில் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உண்டு. ஒன்று மற்றதில் பொருந்தாது. நடுவில் இருக்கும் வெட்டின் இடமே வேறு. அழுத்திப் பொருத்தப் பார்க்காதீர்கள். டிடிஆர்3-இல் மட்டும் ஒரு வலை இருக்கிறது. சாதாரண டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல் என்பதற்கு 1.35 வோல்ட். இரண்டும் ஒரே வடிவம். டிடிஆர்3எல் மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் மற்றதைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். பழையதன்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் போட்டோ எடுத்துக் கடையில் காட்டுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று எழுதியிருக்கும். சில மெல்லிய லேப்டாப்புகளில் ராம் போர்டோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது. இதை வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

இன்னொன்று. செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் பக்கத்தில் 32 பிட் என்று இருந்தால், 8 ஜிபி போட்டாலும் வீட்டு விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் தொடாது. முதலில் 64 பிட்டுக்கு மாற வேண்டும். ஒருவர் 8 ஜிபி போட்டுவிட்டு "வித்தியாசமே இல்லை டீச்சர்" என்றார். காரணம் இதுதான்.

விலை பற்றி ஒரு வார்த்தை. ஆகஸ்டில் நான் வாங்கிய விலையை வைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரிச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால், சில மாதங்களாக உலகம் முழுவதும் ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. உலகின் ராம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். அதில் மைக்ரான், நுகர்வோருக்கு விற்றுவந்த க்ரூஷியல் பிராண்டை நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. எஸ்எஸ்டி விலையும் கூடவே ஏறுகிறது. அதனால்தான் சோதனை செய்யாமல் வாங்காதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கழற்றிய பழைய ராமையும் தூக்கிப் போடாதீர்கள். பக்கத்து வீட்டு லேப்டாப்புக்கு அது பொருந்தலாம்.

விண்டோஸ் 10 பிரச்சினை

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் நின்றுவிடாது, ஓடும். ஆனால் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது. பேங்க் வேலை பார்ப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

நம் முன் மூன்று வழி இருக்கிறது. முதலாவது விண்டோஸ் 11. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். பிராசஸர் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். i5-7200யு என்பதில் கோட்டுக்கு அடுத்த 7 என்பது ஏழாம் தலைமுறை, ஆகாது. i5-8250யு என்றால் ஆகும். இதையெல்லாம் கணக்குப் போடாமல் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவச புரோகிராமை ஓட்டினாலே சொல்லிவிடும். டிபிஎம் இல்லை என்று வந்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். பல கம்ப்யூட்டர்களில் அது பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி ஆன் செய்து பாருங்கள்.

இரண்டாவது, 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸ்களை ஆன்லைனில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. அவசரமாக முடிவெடுக்காமல் இருக்க இது நமக்குக் கிடைத்த அவகாசம்.

மூன்றாவது லினக்ஸ். விலையில்லா லேப்டாப் வைத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது. வாட்ச்மேன் அண்ணன் மகளுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாளில் பழகிக்கொண்டாள். ஆனால் டேலி போன்ற விண்டோஸ் புரோகிராமையோ டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையோ நம்பித் தொழில் செய்பவர்கள் விசாரிக்காமல் மாறாதீர்கள்.

மாட்டிய பிறகு ஓடவில்லையா?

பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சரியாக உட்காராததுதான் காரணம். அடாப்டரைக் கழற்றுங்கள். பேட்டரி இணைப்பையும் எடுங்கள். பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். ராமை எடுத்து, முனையைச் சுத்தமான பஞ்சால் துடைத்து, 'க்ளிக்' என்று பிடிக்கும்வரை மறுபடி போடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் ஒரே ஒரு ராமுடன் துவக்கிப் பாருங்கள், பிறகு மற்றதுடன். பழையதோடு மட்டும் ஓடினால் புதியதுதான் சிக்கல்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது இதனால்தான். எஸ்எஸ்டி, ராம், விண்டோஸ் மூன்றையும் ஒரே மாலையில் மாற்றினால், ஓடாதபோது எதைக் குற்றம் சொல்வது?

துவங்குகிறது, ஆனால் புது டிஸ்க் தெரியவில்லை என்றால் டிஸ்க் மேனேஜ்மென்டில் பாருங்கள். புது டிஸ்க்கை முதலில் 'இனிஷியலைஸ்' செய்ய வேண்டும், ஜிபிடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். நகல் எடுத்த எஸ்எஸ்டியிலிருந்து துவங்கவில்லை என்றால், பயாஸில் பூட் வரிசையையும், லெகசியா யுஇஎஃப்ஐயா என்பதையும் பாருங்கள். முன்பு எதில் இருந்ததோ அதில்தான் நகலும் ஓடும். நடுநடுவே நீலத்திரை வந்தால் விண்டோஸ் மெமரி டயக்னஸ்டிக்கை ஓட்டிவிட்டுத் தூங்கப் போங்கள். பிழை காட்டினால் ராமை வாரண்டியில் மாற்றுங்கள்.

நம் ஊருக்கென்று உள்ள மூன்று எதிரிகள்

முதலாவது தூசி. அறுவடை மாதங்களில் வைக்கோல் தூசி ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. லேப்டாப் சூடாகித் தானாக அணைந்தால், புதிது வாங்கும் முன் ஃபேனைத் தூர் வாருங்கள். வாய்க்காலுக்கு வருஷம் ஒருமுறை செய்வதை இதற்கும் செய்ய வேண்டும். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து வருஷம் ஆகியிருந்தால் பிராசஸர் மேலிருக்கும் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டாவது ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் மாதக்கணக்கில் மூடி வைத்த கம்ப்யூட்டர்தான் முதலில் கெடுகிறது. வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அந்தச் சூடே ஈரத்தை விரட்டும்.

மூன்றாவது கரண்ட். 2018 நவம்பர் 16 கஜா புயல் யாருக்கு மறக்கும்? கரண்ட் இல்லாத அந்த நாட்களில் வாடகை ஜெனரேட்டரில் எல்லாரும் தண்ணீர் ஏற்றினோம், போன் சார்ஜ் செய்தோம். நான் டெஸ்க்டாப்பையும் போட்டேன். பவர் சப்ளை புகைந்துபோனது. ஏற்ற இறக்கமுள்ள கரண்டில் டெஸ்க்டாப்பை ஓட்டக் கூடாது.

வீட்டு இன்வர்ட்டரில் ஒரு விஷயம். கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் அணைந்து துவங்கினால், இன்வர்ட்டரின் பின்னால் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பல இன்வர்ட்டர்களில் உண்டு. யுபிஎஸ் பக்கம் தள்ளினால் சட்டென்று மாறும். இதற்காகத் தனி யுபிஎஸ் வாங்கியவர்கள் நம்மில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

டெஸ்க்டாப் பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறதா? டெஸ்டர் எரிகிறதா? எர்த் சரியில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டரை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை வெட்டி மாட்டியிருந்தால் உடனே மாற்றுங்கள். பிளக் சரியாக இருந்தும் சுரீர் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கோடை வருவதற்குள் நம் இரண்டு பிளாக்கின் எர்த் குழியையும் சோதித்துவிட வேண்டும் என்று பொருளாளரை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

எப்போது புதிது வாங்கலாம்?

எல்லாப் பழசையும் காப்பாற்ற முடியாது. மதர்போர்டு போய், அதை மாற்றும் செலவு புதியதில் பாதியைத் தொட்டால் விட்டுவிடுங்கள். ராம் கூட்ட வழியில்லாத 4 ஜிபி லேப்டாப்பில் விண்டோஸ் 11-தான் வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதை உடனே கழற்றச் சொல்லுங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது. பிள்ளை படிக்கும் படிப்புக்கு வரைகலை, வீடியோ என்று கனமான வேலை இருந்தால் தாராளமாகப் புதிது வாங்குங்கள். அப்போதும் ராம் கூட்ட இடம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகள்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஆபீஸ் லேப்டாப் வாங்கலாமா?

வாங்கலாம். இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். கடையிலேயே டாஸ்க் மேனேஜரையும் டிஸ்க் நிலையையும் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

கேள்வி: பழையதை இரும்புக் கடையில் போடலாமா?

வேண்டாம். செம்புக்காக எரிப்பார்கள், அந்தப் புகை நம்மேல்தான் வரும். 2023 ஏப்ரல் 1 முதல் புதிய மின்கழிவு விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர வேண்டும். சங்கமே மொத்தமாகச் சேர்த்து அனுப்பலாம் என்பது என் யோசனை. கொடுப்பதற்கு முன் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: டீச்சர், அந்தத் தாலாட்டு திரும்பக் கிடைக்கவே இல்லையா?

இல்லை. அதன்மேல் வேறு ஃபைல் எழுதிவிட்டேன் அல்லவா. ஆனால் அந்தக் காதுகுத்தில் என் சித்தி மகனும் போனில் எடுத்திருக்கிறான் என்று போன மாதம்தான் தெரிந்தது. அந்த போனும் ஆன் ஆகவில்லை, பீரோவில் கிடக்கிறதாம். கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பார்ப்போம்.

அடுத்த மாதத்திலிருந்து இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். திருப்புளி செட்டும் யுஎஸ்பி கேஸும் என்னிடம் உண்டு. லேப்டாப்பைக் கொண்டுவாருங்கள், சேர்ந்தே சோதித்துப் பார்ப்போம். நகல் எடுக்க ஒரு காலி டிஸ்க்கையும் கையோடு கொண்டுவாருங்கள். அது இல்லாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற மாட்டேன்.